"குடிப்பியா?" என்று மட்டும் கேட்டால் போதுமா?



கல்லீரல் கெட்டுப்போன ஒரு டேனரித் தொழிலாளி மருத்துவமனைக்குப் போனால் முதலில் கேட்கப்படுவது "குடிப்பியா?" என்பதுதான். "எப்பயாவது சார்" என்று அவர் தலையைச் சொறிந்தால் விசாரணை முடிந்தது. தொழில் என்ற கட்டத்தில் 'கூலி' என்று எழுதுவார்கள். என்ன கூலி, எந்த செக்‌ஷன், எத்தனை வருஷம், கையில் என்ன பட்டது என்று கேட்பதில்லை. சேரியிலிருந்து வருபவன் குடிகாரன் என்பது நோயாளி உள்ளே நுழைவதற்கு முன்பே எழுதப்பட்ட நோயறிக்கை.

என் மாமா ஒருவருக்கும் அப்படித்தான் எழுதினார்கள். ஆம்பூர் பக்கம் ஒரு கம்பெனியில் இருபது வருஷத்துக்கு மேல் ஃபினிஷிங்கில் ஸ்பிரே அடித்தவர். அவர் குடியை விட்டே பல வருஷமாகியிருந்தது. "ஒரு கிளாஸ் உள்ள போனாலே மூஞ்சி நெருப்பா எரியுது பாப்பா, நெஞ்சு படபடன்னு அடிச்சுக்குது. இன்னாத்துக்கு அந்த வம்பு?" என்பார். நாங்கள் அதைக் கேட்டுச் சிரிப்போம். சமூகவியல் முதுகலை முடித்து, தொழிலாளர் நலம் பற்றிப் படிக்க ஆரம்பித்த பிறகுதான் அந்த முக எரிச்சலுக்கு ஒரு பெயர் இருக்கலாம் என்று தெரிந்தது.

டைமெத்தில் ஃபார்மமைடு, சுருக்கமாக டிஎம்எஃப். பாலியூரித்தேன் பூச்சுகளைக் கரைக்கும் திரவம் இது. செயற்கைத் தோல் தயாரிப்பிலும், தோல் ஃபினிஷிங்கில் பளபளப்புக்காக அடிக்கும் சில லேக்கர்களிலும் வருகிறது. மூச்சு வழியாக மட்டுமல்ல, தோல் வழியாகவும் உடம்புக்குள் போகும். மெல்லிய ரப்பர் கையுறை இதைத் தடுக்காது, பியூட்டைல் ரப்பர் வேண்டும். உள்ளே போனதும் அதை உடைத்து வெளியே அனுப்புகிற பொறுப்பு கல்லீரலுக்கு. உடைக்கும்போது உண்டாகிற துணுக்குகளே கல்லீரல் செல்களைத் தாக்குகின்றன. ஊரின் விஷத்தைச் சுத்தம் செய்பவரே விஷத்துக்குப் பலியாவது எப்படி என்று நம் ஆட்களுக்கு விளக்கத் தேவையில்லை. டிஎம்எஃப் உடம்பில் இருக்கும்போது சாராயத்தை உடைக்கிற வேலையும் பாதியில் நிற்கிறது. அதனால்தான் முகம் சிவப்பது, எரிவது, படபடப்பது எல்லாம். அதாவது "குடிப்பியா?" என்ற கேள்வியையே இன்னொரு மாதிரி கேட்டிருந்தால் பதில் வேறு திசையைக் காட்டியிருக்கும்.

அப்படிக் கேட்ட மருத்துவர்களும் இருக்கிறார்கள். அமெரிக்காவில் துணிக்குப் பூச்சு பூசும் ஒரு தொழிற்சாலையில் கல்லீரல் பாதிப்போடு வந்தவரைப் பார்த்த யேல் பல்கலைக்கழக மருத்துவர்கள், அவரோடு வேலை செய்தவர்களையும் பரிசோதித்தார்கள். முடிவு 1988-ல் வெளியானது. உற்பத்தியில் இருந்த 46 பேரில் 35 பேருக்குக் கல்லீரல் நொதிகள் உயர்ந்திருந்தன. உற்பத்திக்கு வெளியே இருந்த 12 பேரில் ஒருவருக்குத்தான் உயர்வு. அங்கே பயன்படுத்திய கரைப்பான் டிஎம்எஃப். ஒரே கூரை, ஒரே ஊர்ச் சாராயம். வேறுபாடு வேலையில் மட்டும்.

எல்லாப் பழியையும் ஒரே ரசாயனத்தின் மீது போடவும் கூடாது. டிரம்மில் போடுகிற குரோம் பெரும்பாலும் மூன்று இணைதிறன் வகை, ஒப்பிட்டால் சாது. ஆறு இணைதிறன் குரோமியம்தான் கொடியது. புற்றுநோயோடு கல்லீரலையும் சிறுநீரகத்தையும் அது கெடுக்கும். ராணிப்பேட்டையில் மூடப்பட்ட தமிழ்நாடு குரோமேட்ஸ் ஆலை விட்டுப்போன, இரண்டு லட்சம் டன்னைத் தாண்டும் கழிவுமேடு அந்த வகை. ஷூ கம்பெனியில் நம் பெண்கள் ஒட்டும் பசையில் இருக்கும் டொலுவீன் போன்றவை முதலில் தலையையும் நரம்பையும்தான் பிடிக்கும். மஞ்சள் காமாலை வைரஸ், சர்க்கரை, உடல் கொழுப்பு, சாராயம், இவையும் கல்லீரலைக் கெடுப்பவைதான். நாற்றம் தாங்காமல் குடிப்பவர்கள் நம்மிடம் உண்டு, மறைக்க வேண்டாம். ஆனால் இவை ஒன்றை ஒன்று தள்ளிவிடுவதில்லை, ஒன்றன் மேல் ஒன்று ஏறி உட்காருகின்றன.

கல்லீரல் வலிக்காது, அதுதான் ஆபத்து. செல்கள் திரும்பத் திரும்ப அடிபட்டால் அந்த இடத்தில் நார்நாராகத் தழும்பு கட்டும். தழும்பு பரவி உறுப்பே இறுகிப்போனால் சிர்ரோசிஸ். வயிற்றில் நீர் கட்டி, ரத்த வாந்தி எடுத்த பிறகு வருபவரிடம் செய்ய அதிகம் இருப்பதில்லை. ஆரம்பத் தழும்பு அப்படியல்ல. காரணத்தை நிறுத்தினால் அது கரைந்து பின்வாங்கும். இந்தக் கட்டுரையில் இருக்கும் ஒரே நல்ல செய்தி இது. வருஷம் ஒருமுறை ரத்தத்தில் எஸ்ஜிஓடி, எஸ்ஜிபிடி, பிளேட்லெட் பார்ப்பது பெரிய செலவில்லை. டிஎம்எஃப் எவ்வளவு ஏறியிருக்கிறது என்பதை ஷிஃப்ட் முடிந்ததும் எடுக்கும் சிறுநீரிலேயே அளக்கலாம்.

இதற்கு மாற்றாக நம் தெருவில் ஓடுவது கீழாநெல்லியும் மருந்துக்கடை டானிக்கும். கீழாநெல்லியைக் கேலி செய்யவில்லை. சென்னையில் தியாகராஜன் குழுவினர் ஹெபடைட்டிஸ் பி வைரஸுக்கு அதைக் கொடுத்துப் பார்த்து 1988-ல் 'லான்செட்' இதழில் எழுதினார்கள். பின்னால் வந்த ஆய்வுகளில் அதே பலன் சீராகக் கிடைக்கவில்லை. எப்படியானாலும் அது வைரஸ் பற்றிய கதை. பகலெல்லாம் விஷத்தை ஏற்றிவிட்டு விடியற்காலை ஓர் உருண்டை விழுங்குவது, குழாயை மூடாமல் தரையைத் துடைக்கிற வேலை.

சட்டத்துக்கு இது தெரியாதா? நன்றாகத் தெரியும். 1948-ன் தொழிற்சாலைகள் சட்டம் தோல் பதனிடுதலை ஆபத்தான தொழில்களின் பட்டியலில் வைத்தது. அதன் மூன்றாம் அட்டவணை, அறிவிக்க வேண்டிய நோய்களில் குரோம் புண்ணையும், நச்சுப் பொருளால் வரும் மஞ்சள் காமாலையையும் பெயர் சொல்லிக் குறிப்பிட்டது. 89-வது பிரிவின்படி ஆலை மேலாளர் மட்டுமல்ல, சிகிச்சை தரும் மருத்துவரும் அதை அரசுக்குத் தெரிவிக்க வேண்டும். 2025 நவம்பர் 21 முதல் அதன் இடத்தில் 2020-ன் தொழில் பாதுகாப்புத் தொகுப்பு வந்துவிட்டது. அந்தப் பட்டியல் அங்கேயும் தொடர்கிறது. ஆனால் 'கூலி, குடிப்பழக்கம் உண்டு' என்று எழுதிவிட்டால் அறிவிக்க எதுவும் மிஞ்சாது. ஒரு சொல்லில் ஆலையும் தப்பிக்கிறது, அரசும் தப்பிக்கிறது.

1996-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பைச் சட்டக் கல்லூரித் தோழர்கள் மனப்பாடமாகச் சொல்வீர்கள். மாசு செய்தவரே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் பாலாற்றை வைத்துத்தான் நாட்டின் சட்டமானது. அதன் வழியாக வந்த இழப்பீடு கெட்டுப்போன நிலத்துக்கும் கிணற்றுக்கும் கணக்கிடப்பட்டது. சரிதான், விவசாயிக்குக் கிடைக்க வேண்டியதுதான். நிலமே இல்லாமல் அந்த ஆலைக்குள் நின்றவனின் உடம்பு எந்த சர்வே எண்ணில் வரும்?

என் மாமாவின் கல்லீரலைக் கெடுத்தது எது என்று இன்று யாராலும் சொல்ல முடியாது. அவர் அடித்த ஸ்பிரேயில் என்ன இருந்தது என்பதற்கு எங்களிடம் ஒரு துண்டுக் காகிதம் இல்லை. ஒப்பந்தக் கூலி என்பதால் இஎஸ்ஐ அட்டையும் இல்லை. அண்ணல் தொழிலாளர் துறை உறுப்பினராக இருந்த காலத்தில், 1944-ல் அதார்க்கர் அறிக்கையாக வந்த திட்டம் அது.

எனவே தம்பிகளே, தங்கைகளே, அடுத்த முறை தெருவில் கணக்கெடுப்புக்குப் போகும்போது படிவத்தில் சில வரிகளைச் சேர்த்துக்கொள்ளுங்கள். எந்த செக்‌ஷன், எத்தனை வருஷம், என்ன கையுறை, குடித்தால் முகம் எரிகிறதா. டின்னில் ஒட்டிய லேபிளை செல்போனில் படம் எடுத்து வைக்கச் சொல்லுங்கள், பாதுகாப்புத் தரவுத் தாளைச் சங்கத்தின் வழியாக எழுத்தில் கேளுங்கள். ஒப்பந்தத் தொழிலாளி தனியாகப் போய்க் கேட்டால் மறுநாள் வேலை இருக்காது. ஆஸ்பத்திரிக்குத் துணைக்குப் போகிறவர், "இவர் டேனரி ஃபினிஷிங்கில் இருபது வருஷம் சார், அதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்க" என்று சொல்லி, எழுதியதைப் பார்த்துவிட்டு வெளியே வரட்டும். போன மாதம் ஓர் இளம் மருத்துவர், "இதுவரை யாரும் இதைச் சொன்னதில்லையே" என்று எங்களிடம் சொல்லி, தொழில் கட்டத்தில் 'கூலி'யை அடித்துவிட்டு 'தோல் ஃபினிஷிங், ஸ்பிரே' என்று எழுதினார்.