ஈயக்குண்டில் ஒரு சதுரங்கக் காய்

ஆளைக் கொல்வதற்காக வார்த்த தோட்டாவை, உட்கார்ந்து செதுக்கிச் சதுரங்கக் காய் செய்திருக்கிறார்கள் என்றால் நம்புவீர்களா? அமெரிக்க உள்நாட்டுப் போர் (1861-1865) நடந்த இடங்களில் இப்படிப்பட்ட பொருட்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. அவற்றைத் தேடித்தேடிச் சேர்ப்பவர்களும் அங்கே உண்டு. எனக்கு வாங்க வசதியில்லை. அதனால் நான் சேர்ப்பது படங்களை மட்டும் :-)

முதலில் அந்தத் தோட்டாவைப் பற்றி. மினியே குண்டு என்று பெயர். குளோத் எத்தியன் மினியே என்ற பிரெஞ்சு ராணுவ அதிகாரி 1840களின் கடைசியில் உருவாக்கியது. பெயரில்தான் குண்டு, உருவம் கூம்பு. அடியில் குழிவாக இருக்கும். சுடும்போது அந்த அடிப்பாகம் விரிந்து, துப்பாக்கிக் குழாயின் உட்புற வரிகளைப் பற்றிக்கொள்ளும். குண்டு சுழன்றுகொண்டே நேராகப் பாயும். விரிய வேண்டும் என்பதற்காகவே அதை மெத்தென்ற காரீயத்தில் வார்த்தார்கள். (ரசம் வைக்கும் ஈயச்சொம்பு வெள்ளீயம், அது வேறு!) எந்த மென்மை அதைக் கொடிய ஆயுதமாக்கியதோ, அதே மென்மைதான் பேனாக்கத்திக்கும் இணங்கியது.

போர் என்றால் தினமும் சண்டை என்று நினைத்துக்கொள்கிறோம். 1862 டிசம்பரில் பிரெடரிக்ஸ்பர்க்கில் தோற்ற வடக்குப் படை, ஆற்றின் மறுகரையில், வர்ஜீனியாவின் ஸ்டாஃபோர்ட் கவுண்டியில், மறு வசந்தம் வரை முகாமிட்டுக் கிடந்தது. ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள். குளிர், சேறு, வயிற்றுப்போக்கு. அந்தப் போரில் இறந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்குப் பேரைக் கொன்றது நோய்தான். பையில் தோட்டா, கையில் கத்தி, தீராத பொழுது. அப்போது செய்தவைதான் இவை. சதுரங்கக் காய்கள், பகடைகள், தட்டையாக்கிய சூதாட்ட வில்லைகள், தூண்டிலில் கட்டும் குண்டுகள். ஈயம் காகிதத்தில் கோடு விழுத்தும் என்பதால், முனையைக் கூராக்கிப் பென்சிலாகவும் வைத்துக்கொண்டார்கள்.

பல் பதிந்த குண்டுகளுக்குக் கிராக்கி அதிகம். மயக்க மருந்தில்லாமல் காலை வெட்டும்போது வீரன் கடித்தது என்று கதை சொல்லி விற்பார்கள். கேட்கவே உடம்பு நடுங்கும். ஆனால் அந்தப் போரில் பெரும்பாலான அறுவை சிகிச்சைகள் குளோரோஃபார்ம் அல்லது ஈதர் கொடுத்துத்தான் நடந்தன. பல் தடங்களில் பெரும்பாலானவை மண்ணைக் கிளறிய பன்றிகளுடையவை!

போலிகளும் உண்டு. பழைய குண்டு மலிவாகக் கிடைக்கும், செதுக்கிய குண்டுக்கு விலை அதிகம். எனவே பழைய குண்டை இன்று செதுக்கிவிடுகிறார்கள். மண்ணில் கிடந்த ஈயத்தின்மேல் வெள்ளைப் படலம் பூத்திருக்கும். புதிதாக வெட்டிய இடம் பளபளத்துக் காட்டிக்கொடுக்கும். ஆனால் வினிகர் ஆவி பட்டால் ஈயம் சீக்கிரமே வெளுத்துவிடும். அப்புறம் எதை நம்புவது?

என் மனசை அரிப்பது இந்தக் கேள்விதான். செதுக்கியவன் பெரும்பாலும் பெயர் பொறிக்கவில்லை. அவனைப் பற்றி நமக்கு இருக்கும் ஒரே சாட்சி, அது கிடந்த இடம். ஒரு குடிசையின் அடுப்படியில் பாதி செதுக்கிய காயும் சீவல்களும் சேர்ந்து கிடைத்தால், ஒருவன் குளிர்காய்ந்தபடி எதிராளிக்காகக் காய் செய்தான் என்று ஊகிக்கலாம். எந்த முகாம் என்று தெரிந்தால் எந்தப் படைப்பிரிவு என்றுகூடச் சொல்லிவிடலாம். அதே காய் ஏலத்துக்கு வந்து கண்ணாடிப் பெட்டியில் உட்கார்ந்தால்? சுமார் 30 கிராம் ஈயம், கூடவே ஒரு கதை.

அதற்காகச் சேகரிப்பாளர்களைத் திட்டவும் முடியவில்லை. தேசியப் பூங்காக்களில் தோண்டுவது குற்றம், 1979இல் வந்த சட்டம் கடுமையானது. ஆனால் பல முகாம்கள் தனியார் நிலத்தில் இருந்தவை. அங்கே வீடுகளும் கடைகளும் எழும்பிவிட்டன. உலோகம் கண்டறியும் கருவியோடு ஒருவர் முந்திக்கொள்ளாவிட்டால், புல்டோசர் எல்லாவற்றையும் புரட்டிப் போட்டுவிடும்.

அதனால் நான் மதிப்பது, எங்கே, எவ்வளவு ஆழத்தில், எதன் பக்கத்தில் எடுத்தேன் என்று அன்றைக்கே நோட்டில் குறித்து வைப்பவரை. நூறு குண்டு வைத்திருப்பவரைவிட, நாலு குண்டும் ஒரு நோட்டும் வைத்திருப்பவர்தான் பெரிய சேகரிப்பாளர். இப்போது என் படத் தொகுப்பிலும், இடம் குறிப்பிடாத படங்களைத் தனியாக ஒதுக்கி வைக்கிறேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் பேச மாட்டேன் என்கின்றன.