இரண்டாவது கார் தேவைதானா?

ஒக்லாந்தில் எம்மவர் வீட்டு முற்றங்களில் இரண்டு கார் நிற்பது இப்போது புதினமல்ல. அதைக் குறைசொல்லவும் முடியாது. 1990களில் யாழ்ப்பாணத்தில் பெற்றோலுக்குத் தடை இருந்தபோது மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டியவர்கள், நோயாளியைச் சைக்கிளில் ஏற்றிச் சென்றவர்கள் நாம். சொந்தக் கார் வாங்கியதும் "இனிக் காலூன்றிவிட்டோம்" என்று மனம் ஆறுவது இயல்பே.

ஆனால் காலையில் அந்த இரண்டு கார்களும் புறப்பட்டபின் வீட்டில் யார் இருக்கிறார்கள் என்று எண்ணிப் பாருங்கள். எம்மை நம்பி வந்த தாய் தகப்பன். மருந்து எடுக்க, கோயிலுக்குப் போக, ஊர்க்காரரோடு நாலு வார்த்தை கதைக்க, எல்லாவற்றுக்கும் அவர்கள் எமது காரையே பார்த்திருக்க வேண்டும்.

என் அம்மா ஊரில் தனியாக பஸ் ஏறிச் சாவகச்சேரிச் சந்தைக்குப் போய் வந்தவர். இங்கே வந்து இரண்டு வருடம் யன்னலோரம்தான். "தம்பி, இண்டைக்கு எத்தனை மணிக்கு வருவாய்?" என்பதே அவருடைய தினசரிக் கேள்வி. சென்ற வருடம் எமது இரண்டாவது கார் பழுதடைந்தது. திருத்தாமல் விற்றுவிட்டு நான் பஸ்ஸில் வேலைக்குப் போகத் தொடங்கினேன். சனிக்கிழமைகளில் அம்மாவையும் கூட்டிக்கொண்டு சாண்ட்ரிங்கம் வீதி பஸ்ஸில் போனேன். மூன்றாம் மாதம் அவர் தனியாகவே போனார். மரவள்ளிக்கிழங்கும் கறிவேப்பிலையும் வாங்கிக்கொண்டு, இவ்வூர் வழக்கப்படி "தாங்க்யூ டிரைவர்" என்று சொல்லி இறங்கி வந்தார்.

65 வயதைக் கடந்து இங்கு வதிவுரிமை பெற்றவர்களுக்கு சுப்பர்கோல்ட் அட்டை உண்டு. 2008 முதல் அந்த அட்டைக்கு நெரிசலற்ற நேரங்களில் பயணம் இலவசம். ஒக்லாந்தில் அதை ஹொப் அட்டையில் பதிந்துகொள்ள வேண்டும். வேலைநாட்களில் காலை 9 மணிக்குப் பின் பஸ்ஸிலும் ரயிலிலும் போகலாம். இது எம் பெரியவர்கள் பலருக்குத் தெரியாது. வேலைக்குப் போகும் எமக்கும் 2024 இல் ஏழு நாளுக்கு 50 டொலர் என்ற கட்டண உச்சவரம்பு வந்தது. காப்புறுதி, பெற்றோல், நகரத்துத் தரிப்பிடக் கட்டணம் எல்லாவற்றையும் கூட்டி ஒப்பிட்டுப் பாருங்கள்.

இந்நகரம் தன் ட்ராம் வண்டிகளை 1956 இல் நிறுத்தியது. அதே ஆண்டில்தான் எமது யாழ்தேவி ஓடத் தொடங்கியது. 1990 இல் யுத்தம் யாழ்தேவியை எம்மிடமிருந்து பறித்தது. ஒக்லாந்தோ தானாகவே ட்ராமைக் கைவிட்டு, நெடுஞ்சாலைகளை அமைத்து, காரை நம்பிப் பரந்தது. 1994 அளவில் இங்கு ரயிலில் ஆண்டுக்குச் சுமார் 10 இலட்சம் பயணங்களே நடந்தன. 2003 இல் நகர மையத்தில் பிரிட்டோமார்ட் நிலையம் திறந்தது. 2014 இல் மின்சார ரயில் வந்தது. 2017 இல் பயணங்கள் 2 கோடியை எட்டின. அந்த 2014 இலேயே யாழ்தேவியும் மீண்டும் யாழ்ப்பாணம் சேர்ந்தது. சேவை நல்லதானால் சனம் ஏறும். சனம் ஏறினால்தான் சேவை நிலைக்கும்.

பஸ் பிந்தும், மழையில் நிற்க வேண்டிவரும் என்பது உண்மைதான். இரவு வேலை செய்பவரிடமும், பஸ் வராத தெருவில் இருப்பவரிடமும் காரை விடுங்கள் என்று நான் கேட்கவில்லை. பஸ் ஓடும் வீதியருகே இருப்பவர்கள் வாரத்தில் இரண்டு நாளாவது காரை முற்றத்தில் விட்டுப் போகலாமே. வீட்டில் பெரியவர்கள் இருந்தால், முதலில் அவர்களுக்கு ஒரு ஹொப் அட்டை எடுத்துக் கொடுங்கள். இரண்டு மூன்று தடவை கூடப் போங்கள். பிறகு அவர்களே உங்களுக்கு வழி சொல்லுவார்கள்.