எத்தினி மணி ட்ரெயின்?

கோலார் தங்கவயல் இளைஞர்களில் பெரும்பாலானோர் என்னிடம் சொல்லிக்கொண்டு வருகிற நோய் "கேஸ்". "அக்கா, கேஸ் ட்ரபிள், மாத்திரை குடுங்க" என்பார்கள். அந்தச் சொல்லுக்குள் பசி இருக்கும், தூக்கக் கேடு இருக்கும், வேலை போய்விடுமோ என்ற பயம் இருக்கும். இவற்றைப் பிரித்தெடுப்பதுதான் வளரிளம் பருவ ஆலோசகரின் வேலை. அதில் முதல் கேள்வி சரியாக விழுந்தால் பாதி வேலை முடிந்தது.

பயிற்சியில் எங்களுக்கு ஒரு வரிசை சொல்லித்தருகிறார்கள். முதலில் வீடு, பிறகு படிப்பு அல்லது வேலை, பொழுதுபோக்கு, போதை, பாலுறவு, கடைசியில் தற்கொலை எண்ணம். லேசானதில் தொடங்கி கனமானதற்குப் போக வேண்டும் என்பது கணக்கு. பல நாடுகளில் பயன்படும் நல்ல முறைதான். ஆனால் தங்கவயலில் வீடு என்பது லேசான கேள்வி கிடையாது. இந்த ஊரின் தங்கச் சுரங்கமான பாரத் கோல்டு மைன்ஸ் 2001 பிப்ரவரி 28 அன்று மூடப்பட்டது. இன்று என் முன் உட்காரும் பிள்ளைகள் அநேகமாக அதற்குப் பிறகு பிறந்தவர்கள். மைன்ஸ் ஓடியதை அவர்கள் பார்த்ததில்லை, மூடியதால் வந்ததைப் பார்த்துத்தான் வளர்ந்தார்கள். அப்பாவின் வேலை, குடி, சுரங்கத் தொழிலாளர்களுக்கான லைன் வீடு யார் பேருக்கு என்ற கவலை, தாத்தாவின் இருமல், எல்லாம் "வீட்ல யார் யார் இருக்கீங்க?" என்று கேட்டதும் வந்து இடிக்கும். பிள்ளை வாயை மூடிக்கொள்ளும்.

அதனால் நான் "எத்தினி மணி ட்ரெயின்?" என்று தொடங்குகிறேன். வெட்கப்பட ஒன்றுமில்லாத கேள்வி இது. மாரிகுப்பத்திலோ சாம்பியனிலோ ஊரிகத்திலோ விடியுமுன் ஏறி, பங்காருபேட்டை வழியாக பெங்களூருக்கு வேலைக்குப் போக ஏறக்குறைய 100 கிலோமீட்டர். நாலு மணிக்கு எழ வேண்டும், சாப்பிட நேரமில்லை, ஒரு டீயோடு கிளம்பியாயிற்று. பெண் பிள்ளைகள் ரயில் கக்கூசுக்குப் பயந்து தண்ணீரே குடிப்பதில்லை. அடிக்கடி நீர்க்கடுப்பு வருகிறது என்பார்கள், ஆனால் காரணம் கேட்டால் "சூடு" என்பார்கள். ராத்திரி ஒன்பது, பத்துக்கு வீடு. பிறகு போன். எத்தனை மணி நேரம் தூங்கினாய் என்று நான் கேட்பதில்லை. அவர்களே விரல்விட்டு எண்ணிவிட்டு, "அஞ்சுகூட இல்லக்கா" என்று நிமிர்கிறார்கள். கேஸ் பேச்சு அங்கே நின்றுவிடும்.

இரத்தசோகையும் இதோடு சேர்ந்ததே. 2019–21 தேசிய குடும்பநல ஆய்வின்படி இந்தியாவில் 15 முதல் 19 வயதுப் பெண்களில் 59 சதவீதம் பேருக்கு அது இருக்கிறது. பள்ளியில் வாரம் ஒருமுறை இரும்புச்சத்து மாத்திரை தருகிறார்கள். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், டீயோடு போட்டால் சத்து உடம்பில் ஒட்டாது. "மாத்திரை போட்டியா?" என்று கேட்டால் எல்லாரும் "போட்டேன்" என்பார்கள். "போட்ட அன்னிக்கு வயிறு எப்பிடி இருந்துச்சு?" என்று கேட்டால்தான் தூக்கிப்போட்ட கதை வெளியே வரும். பள்ளி முடிந்ததும் அந்த மாத்திரை நின்றுவிடுகிறது. அதே வயதில்தான் ரயில் தொடங்குகிறது.

போதை, காதல், உடம்பு பற்றிக் கேட்பதற்கு முன்னால் ரகசியத்தின் எல்லையைச் சொல்லிவிட வேண்டும். நீ சொல்வதை வீட்டில் சொல்ல மாட்டேன். ஆனால் உன் உயிருக்கு ஆபத்து என்றால் மறைக்க மாட்டேன். உனக்கு 18 ஆகாமலிருந்து, யாராவது உன்னிடம் பாலியல் ரீதியாக நடந்துகொண்டது தெரியவந்தால், 2012ஆம் ஆண்டு போக்சோ சட்டப்படி நான் புகார் கொடுத்தே ஆக வேண்டும். இதைக் கேட்டுவிட்டு எழுந்து போனவர்கள் உண்டு. இருந்தாலும் சொல்லித்தான் ஆக வேண்டும். எல்லாம் பேசிய பிறகு சொன்னால் அது நம்பிக்கைத் துரோகம். எழுந்து போகிறவர் கையில் 14416 என்ற எண்ணை எழுதிக் கொடுக்கிறேன். டெலி மானஸ் மனநல உதவி எண் அது, 24 மணி நேரமும் எடுப்பார்கள்.

இருமலை மட்டும் நான் தள்ளிப்போடுவதே இல்லை. பாறைத் தூசி சுரங்கத் தொழிலாளர்களுக்கு சிலிகோசிஸைக் கொடுத்தது. சிலிகோசிஸ் உள்ள நுரையீரலில் காசநோய் எளிதில் புகும். அப்படிப்பட்ட தாத்தாவோடு ஒரே அறையில் படுத்து வளர்ந்த பேரனுக்கு இரண்டு வாரமாக இருமல் என்றால் சளிப் பரிசோதனைதான் முதலில். சுரங்கக் கழிவு குவிந்த சைனைடு மேட்டு மண் காற்றில் பறப்பதால்தான் இருமல் என்று அவனே முடிவு கட்டிக்கொண்டு வருவான். மண்ணைப் பற்றிய அவன் கோபம் நியாயமானது, ஆனாலும் சளி டப்பாவைக் கையில் கொடுத்துத்தான் அனுப்புவேன்.

2014இல் தொடங்கிய தேசிய வளரிளம் பருவ நலத் திட்டத்துக்கு ஆறு முன்னுரிமைகள்: ஊட்டச்சத்து, பாலியல் நலம், மனநலம், போதை, காயமும் வன்முறையும், தொற்றா நோய்கள். ஆறும் இங்கே உண்மையான பிரச்சினைகள்தான். ஆனால் திட்டம் 19 வயதோடு நின்றுவிடுகிறது. உலக சுகாதார நிறுவனம் இளையோர் என்று 10 முதல் 24 வயது வரை உள்ளவர்களைச் சொல்கிறது. தங்கவயலில் ரயிலேறுகிறவர்களில் பலர் விடுபட்ட அந்த ஐந்து வருடத்துக்குள் இருக்கிறார்கள். அவர்களுக்கு பகல்நேர கிளினிக்கும் எட்டாது. ஒருநாள் வந்தால் ஒருநாள் சம்பளம் போகும். ராபர்ட்சன்பேட்டையில் ஞாயிற்றுக்கிழமை காலை ஒரு அறை, ஹீமோகுளோபின் பார்க்க ஒருவர், சளி டப்பாக்கள், கதவைச் சாத்திப் பேச ஓர் ஆலோசகர் வேண்டும். இதைத்தான் ஒவ்வொரு கூட்டத்திலும் கேட்கிறேன், இனியும் கேட்பேன்.