கடல் ஈன்ற செம்பு

கல்லுக்குள் செம்பு எப்படிப் புகுந்தது என்று மாணவர் நம்மைக் கேட்பதுண்டு. விடை ஸைப்ரஸ் தீவில் இருக்கிறது. செம்பின் லத்தீன் பெயரே அத்தீவின் பெயரிலிருந்து பிறந்ததுதான்.

அங்குள்ள த்ரோதோஸ் மலை ஏறக்குறைய 9 கோடி ஆண்டுகளுக்கு முன் கடலின் அடித்தரையாயிருந்தது. எரிமலைக் குழம்பு தலையணைகளை அடுக்கினாற்போல் உறைந்தது. பிளவுகளில் இறங்கிய கடல்நீர் கொதிப்பேறி, பாறையிலுள்ள உலோகங்களைக் கரைத்துக்கொண்டு மேலெழுந்தது. குளிர்நீர் பட்டதும் செம்பும் இரும்பும் கந்தகத்தோடு கூடிப் படிந்தன. பின்னர் மாங்கனீஸ் கலந்த பழுப்பு மண்ணும், நுண்ணுயிர் ஓடுகளாலான வெண்சுண்ணாம்பும் அவற்றைப் போர்த்தன. இத்தகைய ஊற்றுகள் கரும்புகைபோல் பொங்குவதை 1979-இல் பஸிபிக் ஆழத்தில் மனிதர் நேரிலேயே கண்டனர்.

1948-இல் ஸைப்ரஸில், அமெரிக்கக் கம்பெனி ஒன்றின் சுரங்கங்களில், கிரேக்கரும் துருக்கியரும் தோளோடு தோள் நின்று வேலைநிறுத்தம் செய்தனர். மண் அவர்களுடையது, சுரங்கமோ அந்நியருடையது. அவ்வேதனை நமக்குப் புதிதன்று.

2016-இல் நம் பாரதம், இந்துமகா சமுத்திரத்தின் அடியில் 10,000 சதுர கிலோமீட்டர் பரப்பில் இத்தகைய தாதுவைத் தேடும் உரிமை பெற்றது. அந்த ஆழம் எந்த ஒரு தேசத்தின் சொத்துமன்று. மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்பது சர்வதேசச் சட்டம். ஊற்றுகளைச் சுற்றி வேறெங்கும் காணாத உயிர்களும் வாழ்கின்றன. பிறர் நம் மண்ணை அள்ளியபோது நாம் கேட்ட நியாயத்தை, அள்ளும் முறை நமதாகும்போதும் மறவாதிருப்போமாக.