பூட்டிய வீடு

'டிமான்டி காலனி' படம் வந்தது 2015-இல். அடுத்த வருஷம், பேய் வீடுகளைச் சுற்றிக் காட்டுகிறார்கள் என்று கேள்விப்பட்டு, ஒரு ஞாயிற்றுக்கிழமை அம்பத்தூரிலிருந்து கிளம்பி ஆழ்வார்பேட்டை போனேன். காலை பதினோரு மணி வெயில். எந்தப் பேயும் வெளியே தலைகாட்டாது.

கூட்டிப்போனவன் நன்றாகக் கதை சொன்னான். ராத்திரியில் கதவு தானாகத் திறக்குமாம், உள்ளே போன நாய் திரும்பாதாம். ஜான் டி மான்டி போர்த்துகீசிய வம்சாவளி வணிகர், 1821-இல் இறந்தவர், சொத்தைச் சர்ச்சுக்கு எழுதிவைத்தவர் என்பதையெல்லாம் அரை நிமிஷத்தில் முடித்துவிட்டான். குடியிருந்தவர்கள் ஏன் காலிசெய்தார்கள் என்று யாரும் கேட்கவில்லை. நானும்தான்.

எனக்கு வேறொரு கதவு ஞாபகம் வந்திருந்தது. எங்கள் தெருக்கோடியில் தாத்தா வீடு பூட்டிக் கிடந்தது. சுவர் வெடிப்பில் அரசங்கன்று. பாகப்பிரிவினைத் தகராறில் அப்பாவும் சித்தப்பாவும் பேச்சை நிறுத்தி ஆறு வருஷம். கிரிக்கெட் பந்து உள்ளே விழுந்தால் பையன்கள் எடுக்கப் போவதில்லை. "அங்க ஒரு பாட்டி நடக்குதுண்ணா" என்றான் ஒருத்தன். நடப்பதென்றால் அது என் பாட்டியாகத்தான் இருக்கவேண்டும். முட்டிவலிக்காரி. உயிரோடு இருந்தபோதே அவ்வளவாக நடந்ததில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்ததும் அம்மா கேட்டாள். "என்னடா, பேய் வந்துச்சா?"

"இல்லம்மா. சித்தப்பா நம்பர் இருக்கா?"

அப்பா இருந்த அறையை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, பத்து இலக்கத்தையும் மனப்பாடமாகச் சொன்னாள்.