நேர்காணல் மாதம்

ஜூன் 11

இன்று சத்தமாகச் சிரித்தேன். பாளையங்கோட்டை மைய நூலகத்தில், நாளிதழ் மேசையில், அத்தனை பேர் நடுவில். எதிரே உட்காரும் சார் ஏதோ சொன்னார். என்னவென்று இப்போது நினைவில்லை. என் வீட்டுக்காரர் போன பிறகு என்னிடமிருந்து இப்படி ஒரு சத்தம் வந்ததில்லை. எழுதி வைத்துக்கொள்ளவேண்டும் போலிருந்தது. அதற்காகத்தான் இந்த நோட்டு.

ஜூன் 12

நூலகம் போகவில்லை. அத்தையிடம் தலைவலி என்றேன்.

ஜூன் 20

சாரின் மனைவி புற்றுநோயில் போனவர். "அவளுக்கு காப்பியில சீனி ஆகாது" என்று இப்போதும் சொல்கிறார். இன்று என்னிடம், "உங்க வீட்டுக்காரருக்கு என்ன பிடிக்கும்?" என்று கேட்டார்.

யாரும் கேட்காத கேள்வி. எல்லாரும் எப்படிப் போனார் என்றுதான் கேட்டார்கள். நெஞ்சுவலி எத்தனை மணிக்கு, ஆஸ்பத்திரிக்கு எப்போது, கடைசியாக என்ன பேசினார். திரும்பத் திரும்பச் சொல்லி, அவர் வாழ்ந்ததே அந்த ஒரு ராத்திரிதான் என்பதுபோல ஆகிவிட்டது. "சொதி" என்றேன். மிஞ்சியதை மறுநாள் காலையில் ஆறிப்போனபடியே இட்லிக்கு ஊற்றிக்கொள்வார் என்றேன். சைக்கிளில் கேரியர் வைக்காதது, மகன் பிறந்தபோது நர்சுகளுக்கெல்லாம் அல்வா வாங்கிக் கொடுத்தது. பஸ் நிறுத்தம் வரை அவரைப் பற்றியே பேசிக்கொண்டு வந்தேன்.

வீட்டுக்கு வரும்போது மனசு நிறைந்திருந்தது. யாரால் என்று பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

ஜூலை 2

சார் நேராகவே கேட்டுவிட்டார். "ரெண்டு பேரும் ஒரே வீட்ல இருந்தா நல்லாருக்கும்னு தோணுது. முறையா பதிவு பண்ணிக்கிட்டு. அவசரம் ஒண்ணும் இல்ல."

ஜூலை 3

காலையிலிருந்து கோபம். யார் மேல் என்று தெரியவில்லை.

ஜூலை 14

கருவூலத்தில் நேர்காணல். குடும்ப ஓய்வூதியம் வாங்குகிறவர்கள் உயிரோடு இருப்பதைக் காட்டினால் மட்டும் போதாது. மறுமணம் செய்துகொள்ளவில்லை என்றும் எழுதிக் கொடுக்கவேண்டும். வருடாவருடம் போடுகிற கையெழுத்துதான். இன்று பேனா நின்றது. எழுதியிருப்பது உண்மைதான், போட்டுவிட்டேன். வெளியே வேப்பமரத்தடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.

எனக்கு வருவது அவர் கடைசியாக வாங்கிய அடிப்படைச் சம்பளத்தில் 30 சதவீதமும் அதற்கான அகவிலைப்படியும். மறுமணம் செய்தால் அன்றோடு நின்றுவிடும்; தமிழ்நாடு ஓய்வூதிய விதிகள், 1978 அப்படித்தான் சொல்கிறது. சார் வாங்குவது வங்கியில் அவரே உழைத்ததற்கான ஓய்வூதியம். அவர் யாரைக் கட்டிக்கொண்டாலும் ஒரு ரூபாய் குறையாது. நான் அதிகாலையில் எழுந்து டிபன் கட்டியது, மகனை வளர்த்தது, அத்தையைப் பார்த்துக்கொண்டது எல்லாம் உழைப்பில் சேராதா?

1856-இல் விதவை மறுமணத்தை அனுமதித்த சட்டமே, மறுமணம் செய்தால் முதல் கணவன் சொத்தில் அவளுக்கு உரிமை இல்லை என்று எழுதி வைத்திருந்தது. 1983-இல் அதை ரத்து செய்தார்கள். இந்த மாநிலத்தில் விதவை மறுமணத்துக்கு நிதியுதவி கொடுக்க 1975-இலேயே தர்மாம்பாள் அம்மையார் பெயரில் திட்டம் வந்தது. நல்ல திட்டம், இளம்பெண்களை நினைத்துப் போட்டது. ஐம்பது கடந்தவளுக்கும் மனசு உண்டு என்று யாராவது ஒருநாள் நினைப்பார்கள்.

ஜூலை 26

மழை. ஒன்றும் எழுத ஓடவில்லை.

ஆகஸ்ட் 3

கீரை ஆய்ந்துகொண்டிருந்த அத்தை, தலையை நிமிர்த்தாமல், "பென்ஷன் நின்னா மாசம் எவ்வளவுட்டி துண்டு விழும்?" என்றார்கள்.

அவர்களுக்கு எப்படித் தெரிந்தது என்று நான் கேட்கவில்லை. தொகையைச் சொன்னேன். தன் மருந்துச் செலவு, பால், கரண்டு என்று வாய்க்குள்ளேயே கூட்டினார்கள். போனது அவர்கள் பெற்ற ஒரே பிள்ளை. திட்டினால் வாங்கிக்கொள்ளத் தயாராக நின்றேன்.

"அந்த வீட்ல மாடி ஏறணுமா? எனக்கு முட்டு தாங்காது."

பதில் சொல்ல வாய் வரவில்லை. கீரையை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டேன்.

ஆகஸ்ட் 4

தரைத்தளம்தான்.

ஆகஸ்ட் 10

"சொதி வையேன்ட்டி" என்றார்கள் அத்தை. எங்கள் பக்கம் கல்யாணம் முடிந்து மறுவீட்டு விருந்துக்கு வைப்பது. அவர் போன பிறகு இந்த வீட்டில் வைத்ததே இல்லை. தேங்காயைத் துருவி மூன்று பால் எடுத்தேன். முருங்கைக்காயும் உருளைக்கிழங்கும் தண்ணிப்பாலில் வெந்தன. பாசிப்பருப்பைச் சேர்த்து, தலைப்பாலைக் கடைசியில் ஊற்றி, கொதி வருமுன் இறக்கி, எலுமிச்சை பிழிந்தேன். கை எதையும் மறக்கவில்லை. இஞ்சிப் பச்சடியும் வைத்தேன். இரண்டாம் முறை சோறு போட்டுக்கொண்டேன். அழுகை வரும் என்று நினைத்தேன், பசிதான் வந்தது.

ஆகஸ்ட் 21

பெங்களூரிலிருக்கும் மகனிடம் போனில் சொன்னேன். வெகுநேரம் பேச்சில்லை. "அப்பா போட்டோவை என்ன செய்வ?" என்றான். சாரும் அவர் மனைவி போட்டோவை மாட்டியிருக்கிறார், பக்கத்தில் இடம் இருக்கிறது என்றேன். அப்புறம் கூப்பிடுகிறேன் என்று வைத்துவிட்டான்.

ஆகஸ்ட் 28

மகன் கூப்பிடவில்லை. சாருக்கும் நான் இன்னும் பதில் சொல்லவில்லை, அவரும் கேட்கவில்லை. குற்றாலத்தில் இன்னும் சாரல் இருக்கிறதாம். நாளைக்குத் தென்காசி பஸ்ஸில் ஐந்தருவிக்குப் போகிறோம், மூன்று பேரும். அத்தை சாயங்காலமே மாற்றுச் சேலையை மடித்து வைத்துவிட்டு, "வண்டி எத்தனை மணிக்கு?" என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.