அரைத் தாங்கிப் பெற்றோல்

எங்கள் ஐயாவிடம் ஒரு மொறிஸ் மைனர் கார் இருந்தது. 1948ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் முதன்முதலாக வெளிவந்த அவ்வகைக் கார்கள் யாழ்ப்பாணத்து வீதிகளில் இன்றும் ஓடுவதை வாசகர்கள் கண்டிருப்பீர்கள். ஐயா அதற்கு அரைத் தாங்கிக்கு மேல் பெற்றோல் நிரப்பியதே இல்லை. அதனைக் கஞ்சத்தனம் என்று சொல்லிப் பிள்ளைகள் நாங்கள் சிரித்ததுண்டு.

ஐயா மறைந்தபின் கார் என் பொறுப்பாயிற்று. அம்மாவைத் திருக்கேதீச்சரத்துக்கு அழைத்துச் செல்லவென ஒருநாள் தாங்கியை முழுவதும் நிரப்பினேன். சிறிது தூரம் செல்வதற்குள் காரினுள் பெற்றோல் மணம் எழுந்தது. அம்மாவுக்குத் தலை சுற்றியது. டிக்கியைத் திறந்தால், தாங்கியின் மேற்புறம் ஈரமாயிருந்தது. ஒரு தீப்பொறி விழுந்திருந்தால் என்னவாகியிருக்கும் என்று நெஞ்சு பதறியது. வேறொரு வண்டியில் வீடு திரும்பினோம்.

தாங்கிக்குள் ஒரு மிதவை உண்டு. அது ஏறி இறங்குவதற்கேற்ப முன்னாலுள்ள பெற்றோல் மானியின் முள்ளும் அசையும். அம்மிதவையைத் தாங்கும் வட்டத் தகடு, தாங்கியின் மேற்புறத்தில் திருகாணிகளால் பூட்டப்பட்டிருக்கும். இடையே கசிவைத் தடுக்க ஒரு வளையம் இருக்கும். அது பழுதானால், தாங்கி நிறைந்திருக்கும்போதுதான் பெற்றோல் கசியும். பாதியளவே இருந்தால் அவ்வளவு உயரத்துக்கு எட்டாது.

மறுநாட் காலை, பற்றறி வயரைக் கழற்றி, பெற்றோலைப் பாதிக்குக் கீழே இறக்கியபின், திறந்த வெளியில் வைத்துத் திருகாணிகளை அகற்றினேன். மிதவையின் கம்பி வளையாதபடி தகட்டை மெல்லத் தூக்கினேன். தக்கை வளையம் இருக்கவேண்டிய இடத்தில், சைக்கிள் ரியூப்பிலிருந்து வெட்டிய கறுப்பு றப்பர் வளையம் ஒன்று ஊறி, உப்பி, நெகிழ்ந்து கிடந்தது.

அம்மாவிடம் காட்டினேன். அது என் சிறுபிராயத்துச் சைக்கிளின் ரியூப் என்றார். 1990ஆம் ஆண்டு போர் மீண்டும் மூண்டபின் யாழ்ப்பாணத்துக்குப் பெற்றோல் வருவது தடைப்பட்டது. சில துளி பெற்றோலால் இயந்திரத்தை எழுப்பி, மண்ணெண்ணெயில் கார் ஓட்டிய காலம் அது. உதிரிப்பாகத்துக்கு எங்கே போவது? ஐயா தம் கையாலேயே வளையத்தை வெட்டியிருக்கிறார். சாதாரண றப்பர் பெற்றோலில் ஊறி உப்பும் என்பதை அறிந்தே, தாங்கியை நிரப்பாது விட்டிருக்கிறார். வழியற்ற நாளில் ஒரு குறையோடு வாழப் பழகியவர், வழி பிறந்தபின்னும் அப்பழக்கத்தை விடவில்லை. எங்கள் சிரிப்புக்கும் அவர் மறுமொழி சொன்னதில்லை.

பெற்றோலைத் தாங்கவல்ல நைற்றைல் றப்பர் வளையம் ஒன்று வாங்கினேன். பழைய பிசுக்கைச் சுரண்டித் துடைத்து, வளையத்தைப் பொருத்தி, திருகாணிகளை எதிரெதிராகச் சிறிது சிறிதாக இறுக்கினேன். ஒரே பக்கமாக இறுக்கினால் தகடு கோணும். பின்னர் தாங்கியை நிரப்பி, ஓர் இரவு பொறுத்துப் பார்த்தேன். தாங்கியின் மேற்புறம் உலர்ந்தே இருந்தது.

அடுத்த வெள்ளிக்கிழமை அம்மாவோடு திருக்கேதீச்சரம் சென்றுவந்தேன். ஐயா வெட்டிய வளையத்தை வீசிவிட மனம் வரவில்லை. அது அவருடைய ஆயுதப் பெட்டியிலேயே இருக்கின்றது.